மூன்று விரற்கடை

சொட்டு நேராக நெற்றியில் விழுந்தது.
நான் விட்ட மூச்சுதான்.
இரவெல்லாம் கூரைத் தகட்டில் ஒட்டிக்கிடந்துவிட்டு
விடியற்காலை நாலரைக்கு
என்னிடமே திரும்பி வந்திருக்கிறது.

ஓமரமாவில் ஜூலை என்றால் நடுக்குளிர்காலம்.
எழுபத்தொன்றாம் வருடத்து பெட்ஃபோர்ட்.
உள்ளே அடுப்பு, கட்டில், மடக்கு மேசை.
எனக்கும் மலைக்கும் நடுவே
ஒரு தோல் அலுமினியம், அவ்வளவுதான்.
வீட்டை விற்றபோது
கோடைக்கு மட்டும் என்றுதான்
எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்.

சனிக்கிழமை கூரைப் பலகைகளைக் கழற்றினேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு ஸ்க்ரூ.
பேச ஆளில்லாதவன் எதையாவது எண்ணுவான்.
கடைசிப் பலகை விட்டுக்கொடுத்தபோது
ஐம்பது வருடத் தூசியும் என் வாய்க்குள்.
மேலே வண்டியின் விலா எலும்புகள்.
சுவருக்குள் யாரோ திணித்த கண்ணாடி நார்
தன் பாரம் தாங்காமல் சரிந்து
முழங்காலுக்குக் கீழே ஈரமாய்க் குந்தியிருந்தது.
சாலை வரைபடம் ஒன்றைக் கிழித்து
எலி கூடு கட்டிக் குடித்தனம் நடத்தியிருக்கிறது;
கிறைஸ்ட்சர்ச் போகும் வழி பாதியோடு சரி.

பலகையின் முதுகில் பென்சில் எழுத்து:
"இங்கே அரை அங்குலம் குறைந்துவிட்டது.
மன்னிக்கவும். கே."

யாரிடம் கேட்டாய், கே?
இதைப் பிரிக்கப்போகிறவனிடமா?

நைரி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள்.
"நுரைப் பலகை வாங்கப் போறியா?
காசு கொட்டிக் கிடக்கா, ஸ்ட்ரூவன்?"
அவள் கொட்டகையில் மூன்று மூட்டைக் கம்பளி,
போன வருடத்து அடிவயிற்று மயிர்.
கத்தரித்த கூலிக்குக்கூட விலை கேட்காததை
விற்க அவள் ரோஷம் இடம்கொடுக்கவில்லை.

பழைய குளியல்தொட்டியில் நான்கு நாள் அலசினோம்.
தண்ணீர் முதல்நாள் தேநீர், மறுநாள் கஞ்சி.
கடைசி அலசல் போராக்ஸில், அந்துப்பூச்சி அண்டாதிருக்க.
ஆட்டு வாடை மட்டும் அசையவில்லை.
"அது போகாது," என்றாள்.
"என் கல்யாணத்துக்கே நான் இந்த வாடையோடதான் போனேன்."

இறுக்கித் திணிக்கப் போன என் கையைத் தட்டினாள்.
வேலை செய்வது மயிரில்லையாம்,
மயிருக்குள் அகப்பட்டுக்கொண்ட காற்று;
அமுக்கினால் செத்துப்போகும்.
விலா எலும்புகளின் மேல் தக்கைப் பட்டை ஒட்டினோம்,
உலோகம் கண்ட இடத்தில்
குளிர் செருப்போடு நடந்து வந்துவிடுமென்று.

புதுச் சட்டம், புதுப் பலகை.
கூரை மூன்று விரற்கடை இறங்கிவிட்டது.
நேற்றுவரை நிமிர்ந்து நின்ற இடத்தில்
இன்று தலை இடிக்கிறது.
அலமாரிக் கதவு பாதிதான் திறக்கிறது.
கதகதப்பு என்னிடம் கேட்ட வாடகை இது.
தலையைத் தேய்த்துக்கொண்டே கொடுத்தேன்.

பழைய பலகைகளில் ஒன்றே ஒன்றைத்தான் திரும்ப மாட்டினேன்.
மூடுமுன் பென்சிலைத் தேடி அதன் முதுகில் எழுதினேன்:
"கே, உன் அரை அங்குலத்தில் கம்பளி வைத்துவிட்டேன்.
என் பங்குக்கு,
விளக்கு ஓட்டைகள் இரண்டு தப்பான இடத்தில்."

மறுநாள் மைனஸ் ஒன்பது.
நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்,
காய்ந்திருந்தது.
வெளியே வந்தால்
வண்டிக் கூரைமேல் உறைபனி
பூசினாற்போல், ஓரிடம்கூடக் கலையாமல்.
உள்ளிருந்து எதுவும் மேலே கசியவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம்
நைரி வீட்டுத் தகரக்கூரையில்
படுக்கையறைக்கு மேலே மட்டும் பனி கரைந்து
கறுப்பாய் ஒரு நீள்சதுரம்.
ஊருக்கே தெரியும்படி
அவள் விறகெல்லாம் வானத்துக்குப் போயிருந்தது.

வாளியோடு நின்றாள்.
என் கூரையைப் பார்த்தாள், தன் கூரையைப் பார்த்தாள்.
அவள் சொன்ன வார்த்தையை எழுத முடியாது.

"மிச்சம் எத்தனை மூட்டை?"
"ஒன்றரை."

நான் ஏணியைத் தோளில் தூக்கினேன்.

"டீ குடிச்சிட்டு ஏறு, மடையா.
கூரை எங்கே ஓடிடும்?"